பேணியில் வந்த லாகரும் பிளாவில் வார்த்த கள்ளும்

மதுவைப் பற்றி ஒரு வாரப் பதிப்பில் எழுதப் புகுபவன் வாசகரிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்வது நம்மவர் வழக்கம். அந்த வழக்கத்தை நானும் கைவிடவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலே தமிழ் படிப்பித்தவன் நான். திருக்குறளின் 93ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையை எத்தனை வகுப்புகளுக்கு விளக்கியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அங்கே வள்ளுவர் கூறியவற்றுள் எதனையும் மறுக்க இன்று நான் வரவில்லை. என்னை எழுதத் தூண்டியது ஒரு தகரப் பேணி.

சென்ற பங்குனியில் ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கையின் மகன், ஒருநாள் மாலை என்னை யாழ்ப்பாண நகரத்துக்கு அழைத்துச் சென்றான். திரும்பும் வழியில் அனுமதி பெற்ற மதுக்கடை ஒன்றின் முன்னே வாகனத்தை நிறுத்தினான். முன்னாள் மாணவர் எவராவது கண்டுவிடுவாரோ என்ற அச்சத்தோடுதான் நான் உள்ளே நுழைந்தேன். அச்சம் வீண்போகவில்லை. காசு வாங்கும் மேசையில் இருந்தவரே என் பழைய மாணவர். “வாங்கோ மாஸ்ரர்” என்று எழுந்து நின்று வரவேற்றார். பள்ளிக்கூடத்திலே ஒருநாளும் அவ்வளவு விரைவாக அவர் எழுந்து நின்றதாக எனக்கு நினைவில்லை.

கண்ணாடி அடைத்த குளிர்ப்பெட்டியிலே நாடறிந்த போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒரு மூலையில் மட்டும் நான் அறியாத சில பேணிகள், ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளிகள்போல் ஒதுங்கி நின்றன. மருமகன் அவற்றுள் இரண்டை எடுத்தான். “மாமா, இது பெரிய கொம்பனிச் சரக்கில்லை. சின்ன ஆலை. லாகர். ஒருக்கால் குடிச்சுப் பாருங்கோ” என்றான். விலையைக் கேட்டேன். ஒரு கூலியாளின் அரைநாட் சம்பளத்துக்குக் குறையாது. பேணியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. 2006ஆம் ஆண்டுச் சட்டம் மதுவுக்கு விளம்பரம் செய்வதைத் தடுத்திருக்கிறது, தடுத்திராவிட்டாலும் எழுதியிரேன்.

வீட்டு விறாந்தையிலே இருவரும் அமர்ந்தோம். என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் ஒரு தட்டிலே பொரித்த கடலையைக் கொணர்ந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பேச்சைக் காட்டிலும் அந்த மௌனம் எனக்கு நன்றாக விளங்கும்.

முதல் மிடறு ஏமாற்றந் தந்தது. வேப்பம்பூவைக் கடித்தாற்போன்ற ஒரு கசப்பு முன்னே வந்து நின்றது. இதற்கா இவ்வளவு காசு என்று நினைத்தேன். மூன்றாம் மிடற்றிலேதான் அந்தக் கசப்பின் பின்னால் ஒளிந்திருந்த மணம் தெரிந்தது. விடியற்காலையில் வெதுப்பகத்திலிருந்து வந்த பாணின் மேலோட்டைப் பிய்க்கும்போது எழுமே, அந்த மணம். தெளிந்த பொன்னிறம், இலேசான நுரை, விழுங்கிய பின்னும் நாவிலே நெடுநேரம் நின்ற சுவை. நேர்மையாகச் சொல்வதானால் அது நல்ல பானம். அந்நியப் பொருள் என்பதற்காகக் குறை கூறுவது எனக்கு உடன்பாடன்று. யவனர் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்திலே அருந்தும்படி பாண்டிய மன்னனை நக்கீரரே வாழ்த்தியிருக்கிறார்.

என் மனத்தைக் கலக்கியது சுவையன்று; பேணியின் புறத்தே சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த வாசகங்கள். மருமகன் ஒவ்வொன்றாக வாசித்துப் பொருள் சொன்னான். இது சிறிய தொட்டியிற் சிறிதளவே ஆக்கப்பட்டது. வாற்கோதுமை இன்ன நாட்டில் இன்ன மாவட்டத்து வயல்களில் விளைந்தது. நீர் இன்ன ஊற்றிலிருந்து எடுத்தது. வேறொன்றும் சேர்க்கப்படவில்லை. ஆக்கிய நாள் இன்னது. எல்லாவற்றுக்கும் கீழே ஆக்கியவரின் பெயரும் கையொப்பமும்! “அந்த மனிசனை ரொறன்ரோவிலை ஒரு கண்காட்சியிலை கண்டனான் மாமா. கைகூடக் குடுத்தனான்” என்று அவன் சொன்னபோது, அவன் குரலிலே ஒரு வித்துவானைச் சந்தித்து வந்தவனின் பெருமை இருந்தது.

லாகர் என்ற சொல்லின் வரலாற்றை அன்றிரவு நான் படித்துப் பார்த்தேன். ஆசிரியத் தொழில் விட்டாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஜேர்மன் மொழியிலே அதற்குச் ‘சேமித்து வைத்தல்’ என்று பொருள். பவேரிய நாட்டார் குளிர்ந்த நிலவறைகளிலே மாதக்கணக்காக வைத்துத் தெளியவிட்ட பியர் அது. 1516இலே அந்நாட்டில் வகுத்த விதியொன்று, பியருக்கு வாற்கோதுமை, ஹொப் பூ, நீர் என்னும் மூன்றைத் தவிர வேறெதுவும் சேர்க்கலாகாது என்றது. 1842இலே பொஹீமியாவின் பில்சன் நகரத்தில் யோசப் குரோல் என்பவர் ஆக்கிய பொன்னிற லாகரே இன்று உலகமெங்கும் ஓடும் பியருக்கெல்லாம் மூதாதை. 1883இலே கொப்பன்ஹேகன் நகரத்துக் கால்ஸ்பேர்க் ஆலையின் ஆய்வுகூடத்தில் எமில் ஹான்சன் என்ற விஞ்ஞானி, லாகரைப் புளிக்கச் செய்யும் மதுவத்தைத் தனியே பிரித்து வளர்த்தார். அந்த ஆலை அதைத் தன் பெட்டிக்குள் பூட்டி வைக்காமற் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தது. அந்த மதுவம் ஒரு கலப்பினம். அதன் பெற்றோரில் ஒன்று தென்னமெரிக்காவின் பற்றகோனியாக் காட்டு மரங்களிலே குடியிருப்பதை 2011இலே கண்டுபிடித்தார்கள். குளிர்நாட்டு நிலவறைப் பானத்துக்கும் எங்கோ ஒரு மரத்தோடு உறவு இருக்கிறது!

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பின்வளவிலே பனையோலை காற்றில் உரசும் ஓசை கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிறிதளவே ஆக்குவது, கையால் ஆக்குவது, ஓரூரின் மண்ணும் நீரும் மணப்பது, வேறொன்றும் சேராதது என்று எந்தக் குணங்களுக்காக அரைநாட் கூலியைக் கொடுத்தோமோ, அந்தக் குணங்கள் யாவும் என் கொல்லையில் நிற்கும் பனையிலே தொங்குகின்றன.

தங்கு தடையின்றிச் சொல்வதாயின், தொழில்நுட்பத்திலே பனங்கள் லாகருக்கு நேரெதிர். வாற்கோதுமையில் இருப்பது மாப்பொருள். அதை நனைத்து, முளைக்கவிட்டு, உலர்த்தி, வெந்நீரிற் கரைத்தபின்னரே இனிப்பு வெளிப்படும். அதன்பின் ஹொப் பூவை இட்டுக் கொதிக்கவைத்து, குளிரவிட்டு, மதுவத்தைச் சேர்த்து வாரக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். பனைக்கு இவ்வளவு ஆலாபனை வேண்டியதில்லை. பாளையிலிருந்து சொட்டும் நீரே நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு இனிப்புடன் வருகிறது. முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசினால் புளிப்பு ஏறாது, அது கருப்பநீர். பூசாவிட்டால், முட்டியிலும் காற்றிலும் குடியிருக்கும் மதுவம் நீர் சொட்டத் தொடங்கிய கணத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும். இரவு கட்டிய முட்டி காலையில் இறங்கும்போது அது கள். மதுசார அளவில் ஏறக்குறைய ஒரு பியருக்குச் சமம். மாலைக்குள் அது கடுக்கும், மறுநாள் காடியாகும். லாகர் காத்திருப்பதனாற் சிறக்கும் பானம். கள்ளுக்கோ காத்திருக்கத் தெரியாது. இரண்டிலும் மனிதனுடைய கையின் நுட்பம் ஒன்றுதான். பாளையை நசுக்காமல் தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் ஓலை நறுக்கின் கனத்துக்கு மேற்போகாமற் சீவத் தெரிந்தவனுக்கே மரம் சுரக்கும். ஒருநாள் தவறினால் பாளை அடைத்துவிடும். காய்ச்சலென்றும் திருவிழாவென்றும் பாளைக்குச் சொல்லமுடியாது.

பனையின் பயன்கள் 801 என்று பாடிவைத்த இனம் நம்முடையது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் பனைக்கென்றே தாலவிலாசம் என்ற நூலை யாத்தார். ஒடியலை, பனாட்டை, கற்கண்டைப் பற்றிக் கட்டுரை எழுதாத பள்ளிப்பிள்ளை யாழ்ப்பாணத்தில் இல்லை. நானே நூற்றுக்கணக்கான கட்டுரைகளுக்குப் புள்ளி போட்டிருக்கிறேன். கற்பகதரு என்று தலைப்பிட்டுத் தொடங்கும் அந்தக் கட்டுரைகளில், அதன் மேல் ஏறுகின்ற மனிதனை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்டதுமில்லை.

என் பிள்ளைப் பருவத்து நினைவொன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1960களில் எங்கள் வீட்டுக்குக் கள் வருவது முன்வாசலால் அன்று. கோடிப்புறத்து வேலிப் பொட்டால். கொண்டுவருகிறவர் என் பாட்டனாரின் வயதொத்தவர். என் தகப்பனார் அவரை ‘நீ’ என்றுதான் அழைத்தார்; அவர் என் தகப்பனாரை ‘நயினார்’ என்றார். பிளாவை என் தகப்பனார் இரு கைகளாலும் ஏந்துவார். முட்டியிலிருந்து உயரத் தூக்கி வார்க்க வேண்டும், கலமும் கலமும் முட்டலாகாது. காசை வேலியோரத்துக் கல்லின்மேல் வைப்பார், கையிற் கொடுப்பதில்லை. அவர் இறக்கிய கள் உள்ளே போகலாம், அவருடைய விரல் படலாகாது! தேநீர்க் கடையில் அதே மனிதருக்குத் தனியாக ஒரு தகரப் பேணி வைத்திருந்தார்கள். அன்று இழிவின் அடையாளமாகத் தகரப் பேணியை ஒருவர் கையிற் கொடுத்த சமூகம், இன்று தகரப் பேணியைப் பெருமையுடன் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறது. குடித்தவர்களில் நானும் ஒருவன்.

இவையெல்லாம் மாறிவிட்டன என்பார் பலர். 1957இலே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. சட்டம் இருந்தும் 1968இலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே மக்கள் போராட வேண்டியிருந்தது. 1970களிலே சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களாக அமைந்து, குத்தகைக்காரனிடமிருந்து தவறணைகளைத் தம் கைக்குக் கொண்டுவந்தார்கள். 1978இலே பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. வடமராட்சியின் திக்கத்திலே பனங்கள்ளை வடித்துச் சாராயமாக்கும் வடிசாலை எழுந்தது. இவை சிறிய காரியங்களல்ல. போர்க்காலத்திலே பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் ஆயிரமாயிரமாகப் பனைகள் வெட்டி வீழ்த்தப்பட்ட பின்னும் இச்சங்கங்கள் தப்பிப் பிழைத்து நிற்கின்றன. ஆனால் தவறணையைப் போய்ப் பாருங்கள். தகரம் அடைத்த மறைப்பு; உட்காரச் சரியான வாங்கு இராது; உள்ளே போகிறவர் முகத்தை மறைத்துக்கொண்டு போகிறார். பளிங்கு பதித்த மதுக்கடையிலே என் மாணவர் எழுந்து நின்று என்னை வரவேற்றார் அல்லவா? தவறணை வாசலில் என்னைக் கண்டிருந்தால் அவர் காணாதவர்போல் போயிருப்பார்.

கடலுக்கு அப்பால் இந்த முரண் சட்டமாகவே நிற்கிறது. தமிழ்நாட்டிலே 1987 தொடக்கம் கள் இறக்குவதற்குத் தடை. 2003 முதல் அரசின் கழகமே கடை வைத்துப் பியரையும் பிராந்தியையும் விற்கிறது. ஆலையிலே பிறந்தால் அது வருமானம். பனையிலே பிறந்தால் அது குற்றம். இதற்கு நேர்மாறாகக் கேரளத்தார் கள்ளுக்கடைகளைச் சட்டத்துக்கு உட்படுத்தி, 1969இலேயே கள்ளுத் தொழிலாளர் சேமநல நிதிக்கென்று தனிச் சட்டம் இயற்றினார்கள். கோவாக்காரர் முந்திரிப் பழத்து மதுவாகிய பெனிக்கு 2009இலே புவிசார் குறியீடு பெற்றுவிட்டார்கள். அந்தப் பெயரைப் பிற ஊரார் வைத்துக்கொள்ள இயலாது. யாழ்ப்பாணத்துப் பனங்கள்ளுக்கு இவ்வாறு ஒரு காவலைத் தேட நமக்குத் தடையாக இருப்பது எது? காசா, அறிவா? இரண்டுமில்லை, வெட்கம்.

இங்கே மதுவிலக்கு அன்பர்கள் இடைமறிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். 1927 நவம்பரிலே காந்தியடிகள் வந்துபோன மண் இது. குடியினால் அழிந்த குடும்பங்களை நானும் கண்டிருக்கிறேன். என் வகுப்பிலே புத்தகமின்றி வந்த பிள்ளைகளிற் சிலருடைய தகப்பன்மார் எங்கே இருந்தார்கள் என்பதையும் அறிவேன். குடிக்காதே என்று சொல்பவரிடம் எனக்கு வழக்கில்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கட்டும் என்பதுதான் என் வேண்டுகோள். போத்தலுக்கும் பேணிக்கும் வாய் திறவாத ஒழுக்கம், பிளாவைக் கண்டவுடன் மட்டும் விழித்துக்கொள்ளுமானால், அது கண்டிப்பது மதுவை அன்று; மரத்தில் ஏறுகின்றவனை.

போத்தலில் அடைத்த பனங்கள் இப்போது கடைகளில் உண்டே என்றும் சொல்லலாம். உண்டு, நானும் வாங்கியிருக்கிறேன். சூடேற்றி மதுவத்தைக் கொன்ற பின்பே அதை அடைக்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால் போத்தல் வெடிக்கும். அதனால் உயிர்க்கள்ளின் துடிப்பும் மணமும் ஓரளவு போய்விடுகின்றன. தூரதேசத்திலே வாழ்பவர்க்கு அது போதும். ஆனால் இறக்கிய மரத்துக்கு அருகிலேயே வாழ்கிற நாம், அன்று இறக்கிய கள்ளை அன்றே, சுத்தமான இடத்திலே, மறைப்பின்றி, அளவோடு அருந்துவதற்கு ஒரு கொட்டில் கூட அமைக்கவில்லை. சங்கங்கள் மனம்வைத்தால் ஊருக்கு ஒன்றாயினும் அப்படி அமைக்கலாம். அடைக்கும் போத்தலிலே இன்ன ஊர், இன்ன நாள், சீவியவர் இன்னார் என்று அச்சிடலாம். எல்லாவற்றுக்கும் முன்பாக, மரத்தால் விழுந்தவனின் குடும்பம் மறுமாதம் பட்டினி கிடக்காதபடி ஒழுங்கான ஒரு காப்பீடு வேண்டும். பெயர் அச்சிடுவது அதற்குப் பிறகுதான்.

இவ்வளவையும் எழுத்தில் வகுத்துக்கொண்ட நிலையிலேதான், மிஞ்சியிருந்த இரண்டாம் பேணியின் ஞாபகம் வந்தது.

எங்கள் பின்வளவிலே நிற்கும் மூன்று பனைகளைச் சீவுகின்றவர் அறுபது வயதை அடுத்தவர். கள்ளைச் சங்கத்துக்குக் கொடுக்கிறார். மறுநாட் காலை அவர் இறங்கி வந்தபோது, விறாந்தைக்கு வந்து இருக்கும்படி கேட்டேன். “இருக்கட்டும் மாஸ்ரர், உடம்பெல்லாம் பாளைச் சாறு” என்று படியிலே அமர்ந்தார். நானும் கதிரையை விட்டுப் படியில் அமர்ந்தேன். பேணியைத் திறந்து ஒரு கிளாசிலே வார்த்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார். கிளாசை வெயிலுக்கு உயர்த்தித் தெளிவைப் பார்த்தார். ஒரு மிடறு வாயில் வைத்து நெடுநேரம் விழுங்காமல் இருந்தார். நான் அதைக் குடித்தபோது இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை.

“கசப்புத்தான். ஆனால் பழுதில்லை” என்றார். பிறகு, “இது எப்ப இறக்கினது?” என்று கேட்டார்.

பேணியைத் திருப்பி நாளைப் பார்த்துச் சொன்னேன். “போன ஐப்பசி.”

“ஐப்பசியோ? அஞ்சு மாசமாகியும் புளிக்கேல்லை! ஆள் கெட்டிக்காரன்தான். ஆர் அவர்?”

பெயரை வாசித்தேன். அந்த அந்நியப் பெயரைத் தம் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

என் தகப்பனாருக்குக் கள் வார்த்தவர் இவருடைய பேரனார். அந்தக் கிழவரை எங்கள் வீட்டில் ஒரு பட்டப்பெயரால் அழைத்தார்களேயன்றி, உண்மைப் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. அதை அன்று கேட்டேன். சொன்னார். அழகான சைவப் பெயர். ஒரு கட்டுரை எழுதுகிறேன், அதில் அந்தப் பெயரையும் உங்கள் பெயரையும் போடட்டுமா என்று கேட்டேன்.

கிளாசைப் படியிலே வைத்தார். “வேண்டாம் மாஸ்ரர். மகளுக்குக் கலியாணம் பேசி வருகினம். பெடியன் வீட்டுக்காரருக்கு நான் சங்கத்திலை வேலை எண்டுதான் சொல்லியிருக்கிறம். மகனும் இந்த வேலைக்கு வரமாட்டான். வர விடவும் மாட்டன்.”

கத்தியைக் கூட்டிலே செருகிக்கொண்டு எழுந்தார். வெயில் ஏறுமுன் இன்னும் ஏழு மரம் இருக்கிறதென்றார். கிளாசிலே பாதி அப்படியே இருந்தது.